தப்பிச்சான்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால், அவனுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சமிருக்கும். இவனுக்கு விழுந்த பெயர் சரிவிடு. ஒரு போல்ட் குறைகிறதே என்றால், சரி விடு. கருவிப் பெட்டி மழையில் நனைகிறதே என்றால், சரி விடு. இன்ஜினியர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டாரே என்றால் அதற்கும் அதேதான். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. எதிரே நிற்பவர் முகம் வாடினால் அவனுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். அந்த முகம் தெளிவதற்கு எதையாவது சொல்லிவிடுவான், எதையாவது செய்தும் விடுவான். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த நல்ல குணம்தான் காரணம். அதனால்தான் அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அவன் பார்த்தது கூண்டு வேலை. எழும்பிக்கொண்டிருந்த பதினாறு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி, இரும்புக் கம்பம் ஒன்றைப் பிடித்தபடி ஏறி இறங்கும் பெரிய கம்பிக் கூண்டு அது. ஆட்களும் சாமான்களும் மேலே போவது அதில்தான். எண்ணெய் போடுவது, பல்சக்கரம் பார்ப்பது, பழுது நீக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. உள்ளே நின்று ஓட்டுபவள் பெல் அக்கா. இரண்டு தரம் மணியடிக்காமல் அவள் கூண்டை நகர்த்தியதே கிடையாது, அதனால் அந்தப் பெயர். கூண்டுக்குள் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் தள்ளிப் பிடித்திருக்கும்வரை கூண்டு ஓடும், கையை விட்டால் நின்றுவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கூண்டைக் கீழே விழவிட்டுப் பார்க்க வேண்டும். கேட்பவர்களுக்குப் பகீரென்று இருக்கும், ஆனால் விதி அது. கூண்டு கொள்ளும் அளவுக்குச் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி, ஆள் யாரும் இல்லாமல், மூன்றாவது மாடி உயரத்தில் நிறுத்துவார்கள். தரையில் ஒருவர் நீளமான வயரின் முனையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார். மோட்டாரின் பிரேக் விடுபட்டுக் கூண்டு விழும், கையை எடுத்தால் பிரேக் மறுபடி பிடிக்கும். ஓர் ஆள் உயரம் விழுவதற்குள் சேஃப்டி லாக் கம்பத்தைக் கவ்வி அதை நிறுத்த வேண்டும். பொத்தானை அழுத்தச் சொல்லும் வார்த்தை 'விடு'. அந்த வார்த்தையைத்தான் இவன் நாளெல்லாம் வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான். பொறுக்க மாட்டாமல் இன்ஜினியர் அறிவிப்புப் பலகையிலேயே எழுதி வைத்தார்: கூண்டை நிறுத்த 'நில்' என்று சொல்லவும், வாக்கியில் யாரும் சும்மா 'விடு' என்று சொல்லக் கூடாது. எல்லாரும் படித்துச் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டு, சரி விடு என்றான்.

அவன் மனைவிக்கும் அங்கேதான் வேலை, ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதிக்கும் குழுவில். ஆள் உயரக் கண்ணாடிகளோடு ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கூண்டில் ஏறுவாள். அவனைப் போல இல்லை அவள். ஒரு விரற்கடை கோணல் இருந்தாலும் கழற்றி மறுபடி பதிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' போடாமல் அவனிடம் பேசியதில்லை. கோபம் வந்தால் இன்னும் ஒரு 'ங்க' கூடுதலாக விழும், அவன் அதை வைத்துத்தான் கோபத்தின் அளவைக் கண்டுபிடிப்பான்.

ஒரு விடுமுறை நாளில், தான் பதித்த கண்ணாடியைக் காட்ட அவள் பதினொரு வயது மகளைப் பதினாலாவது மாடிக்குக் கூட்டிப்போனாள். பெல் அக்கா கண்டும் காணாதது போல் இருந்துவிட்டாள். மகள் கம்பி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே மாடிகளை எண்ணினாளாம். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட கேள்வி, "கூண்டு அறுந்தா என்ன ஆகும்?" என்பதுதான். அறுந்துபோவதற்கு அதில் கயிறே கிடையாது, பல்சக்கரத்தில்தான் ஏறுகிறது என்று அப்பன்காரன் விளக்கினான். கேட்டது அது இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் முட்டைச் சோதனை வந்தது. ஒரு பச்சை முட்டையை வைத்து மூன்றாவது மாடியிலிருந்து போட வேண்டும், முட்டை உடையக் கூடாது. அதற்கு ஒரு பாதுகாப்புப் பெட்டியை அவரவரே வடிவமைத்துச் செய்ய வேண்டும். கால் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் மூன்று முறையாவது போட்டுப் பார்த்து, என்ன ஆனது என்பதை உள்ளது உள்ளபடி நோட்டில் எழுதி வர வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். போட்டி வெள்ளிக்கிழமை. டீச்சரே முட்டை தருவார்.

அவர்கள் வீடும் மூன்றாவது மாடியில்தான். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு திறந்த ஜன்னல், நேர் கீழே சிமெண்ட் முற்றம். மகள் கீழே நோட்டோடு நிற்பாள், அப்பா மேலேயிருந்து போடுவான் என்று ஏற்பாடு. "விடட்டுமா?" என்று அவன் கேட்க வேண்டும், "விடு" என்று அவள் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். அவளுக்கு எல்லாவற்றிலும் முறை இருந்தது, அம்மாவின் வார்ப்பு.

சனிக்கிழமை முதல் முயற்சி. பிஸ்கட் அட்டைப்பெட்டி நிறையப் பஞ்சை அடைத்து, நடுவில் முட்டையைப் புதைத்து, நாலு பக்கமும் டேப் சுற்றியிருந்தாள். விழுந்தபோது பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. பிரித்தால் பஞ்சு முழுக்க மஞ்சள் கரு. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது. பிளாஸ்டிக் பையைக் குடையாக விரித்து நாலு நூலில் கட்டினாள். காற்று அதைக் கொண்டுபோய்ச் சுவரில் அறைந்தது, கீழ்வீட்டுக்காரரின் துவைத்த போர்வைமேல் முட்டை வழிந்தது. கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து, இந்த வீட்டில் முட்டையைச் சாப்பிடும் வழக்கமே இல்லையா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு மகள் இரண்டு மணி நேரம் பஞ்சுப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து உறிஞ்சு குழாய்களைக் கேட்டாள். குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கட்டி ஒரு கூடு செய்தாள். தன் பழைய காலுறைக்குள் முட்டையைப் போட்டு, ஆறு ரப்பர் பேண்டுகளில் அதைக் கூட்டின் நடுவில் தொங்கவிட்டாள். பஞ்சு ஏன் காப்பாற்றவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாளாம்.

"பெட்டி நிக்கும்போது முட்டையும் அதே நேரத்துல நின்னுச்சுப்பா, அதான் உடைஞ்சுது. பெட்டி நின்ன பிறகும் முட்டை கொஞ்சம் போய், மெதுவா நிக்கணும்."

அவன் அசந்துபோனான். சேஃப்டி லாக் செய்வதும் அதைத்தான். விழும் கூண்டைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் நொறுங்கிப்போவார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கவ்வ வேண்டும். அப்பா வேலையும் இதேதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களும் கூண்டைப் போட்டுப் பார்ப்போம் என்று பெருமையாகச் சொன்னான். அம்மா போகிற கூண்டையா என்று அவள் கேட்டாள். ஆமாம், அந்தக் கூண்டைத்தான் என்றான்.

சொல்லிவிட்டு அவன் பேச்சை மாற்றி, ரப்பர் பேண்டுகளை எண்ணத் தொடங்கினான். காரணம் இருந்தது. போன மாதம் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய நாளில் மழை. நாற்பது மூட்டை சிமெண்டை ஏற்றி இறக்கினால் அரை நாள் போய்விடும். கண்ணாடிக் குழு மேலே போகக் காத்துக்கொண்டிருந்தது, இன்ஜினியர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதடவை வாட்சைப் பார்த்தார். அந்த முகங்களை இவனால் பார்க்க முடியவில்லை. வெறுங்கூண்டை ஒரே ஒரு மாடி உயரத்துக்கு ஏற்றிப் போட்டான். லாக் பிடித்தது. பிடித்தது என்றால், வழுக்கி, கிறீச்சிட்டு, தரைக்கு ஒரு முழம் மேலே வந்துதான் நின்றது. காலிக் கூண்டுக்கே அப்படி. சரி விடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, 'முழுப் பாரத்துடன் சோதிக்கப்பட்டது' என்று அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்டுக் கூண்டின் பக்கவாட்டில் ஒட்டினான். அன்றைக்கே அவன் மனைவி அதில் ஏறிப்போனாள். மகள் மாடிகளை எண்ணியதும் அதே கூண்டில், அந்த ஸ்டிக்கருக்கு அருகே நின்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றாவது முயற்சிக்கு முன்னால் மகள் சாப்பிடவில்லை. இதுவும் உடைந்தால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்றாள். கண் கலங்கியிருந்தது. மனைவி துணி எடுத்துவரக் கீழே போயிருந்தாள். மகள் நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அடுப்பங்கரையில் காலையில் அவித்த முட்டை ஒன்று மிச்சமிருந்தது. அவன் பார்த்தான். காலுறைக்குள் இருந்த பச்சை முட்டையை வெளியே எடுத்தான், அவித்த முட்டையை உள்ளே விட்டான். அரை நிமிஷ வேலை.

"விடட்டுமா?"

"விடு."

கூடு நேராக விழுந்து, ஒரு துள்ளு துள்ளிச் சாய்ந்தது. அவன் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடி, அவளுக்கு முன்னால் காலுறையிலிருந்து முட்டையை எடுத்தான். அடிப்பாகத்தில் கட்டைவிரலுக்கு ஒரு நொறுங்கல் தட்டுப்பட்டது. ரப்பர் பேண்டுகள் தேவைக்கு மேல் நீளம், முட்டை தரையில் இடித்திருக்கிறது. நொறுங்கிய பக்கத்தை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, நல்ல பக்கத்தை அவளுக்குக் காட்டினான். அவள் முற்றத்தைச் சுற்றி மூன்று தரம் ஓடினாள். கீழ்வீட்டுக்காரர்கூட ஜன்னல் வழியாகக் கை தட்டினார். நோட்டில் 'முயற்சி மூன்று: உடையவில்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். முட்டைக்கு ஸ்கெட்ச் பேனாவால் கண்ணும் மூக்கும் வாயும் வரைந்து, தப்பிச்சான் என்று பெயர் வைத்தாள். கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பதற்குள் அவனே அதை ஒரு பழைய கோப்பையில், நொறுங்கல் அடியில் இருக்கும்படி நிறுத்தி, புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். மேல்தட்டு அவளுக்கு எட்டாது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, அதற்குள் ரப்பர் பேண்டைக் குறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது மனைவி ஒரு விஷயம் சொன்னாள். கூண்டு ஒன்பதாவது மாடியைத் தாண்டும்போது ஒரு சத்தம் வருகிறது, காலடியில் எதையோ அரைக்கிற மாதிரி. கண்ணாடி ஏற்றினால் கூடுதலாகக் கேட்கிறது. பெல் அக்காவும் கவனித்திருக்கிறாளாம். மழை ஈரத்தில் பல்சக்கரம் அப்படித்தான் கத்தும், சரி விடு என்றான் அவன். அவள் நடையை மெதுவாக்கினாள்.

"நீங்க பாத்திருக்கீங்கல்லங்க?"

அதில் ஒரு 'ங்க' கூடுதலாக இருந்தது. பார்த்தாகிவிட்டது, ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறதே என்றான். ஸ்டிக்கரைத் தினமும்தான் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள்.

புதன்கிழமை வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. லேசாக, எங்கிருந்து என்று தெரியாமல். மனைவி எலி செத்திருக்கும் என்று கட்டிலை நகர்த்தினாள், அடுப்பங்கரை அலமாரியைக் காலி செய்தாள், குப்பை வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். அவனும் கூடமாட நின்று, குனிந்து நிமிர்ந்து தேடினான். தேடத் தேட நாற்றம் கூடியது. படுக்கப் போகும்போது அவள் ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். எங்கேயோ என்னமோ அழுகுதுங்க, கண்ணுக்குத்தான் தெரியல என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலப் படுத்திருந்தான். அலமாரியின் மேல்தட்டிலிருந்து தப்பிச்சான் சிரித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மனைவிக்குக் காலை வேலை. பதினாலாவது மாடிக்குப் பெரிய கண்ணாடிகள் வந்திருந்தன, ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். இவனுக்கு ஒன்பது மணிக்குத்தான். பல் துலக்கிவிட்டு வந்தபோது மகள் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். கையில் கோப்பை. மூக்கு அவளுக்கு வழிகாட்டியிருக்கிறது.

அவன் வாய் திறப்பதற்குள் அவள் இறங்கி, மேஜைமேல் முட்டையைப் புரட்டினாள். நொறுங்கிய இடம் கறுத்திருந்தது. நகத்தால் ஓட்டை உரித்தாள். உள்ளே கெட்டியான வெள்ளை, பச்சை படர்ந்து போயிருந்தது. அவள் மூக்கைப் பொத்தவில்லை.

"அவிச்சதாப்பா?"

நீ சாப்பிடாமல் இருந்தாய், உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் என்று அவன் ஏதேதோ சொன்னான். கடைசியில் வழக்கம்போல, சரி விடுடா கண்ணு என்று முடித்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"அவிச்ச முட்டையே உடைஞ்சிருக்கு" என்றாள். "உனக்கு அன்னிக்கே தெரியும்."

பிறகு நோட்டை எடுத்து, 'உடையவில்லை' என்பதை அடித்து 'உடைந்தது' என்று எழுதினாள். அலமாரியிலிருந்து கூட்டை இறக்கி ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மறுபடி முதலிலிருந்து செய்யப்போகிறேன் என்றாள், அவனிடம் சொல்வது போல இல்லாமல். இரண்டாவது முடிச்சை அவிழ்க்கும்போது கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா போற கூண்டையும் இப்படித்தான் பாத்தியா?"

அவனிடம் எத்தனையோ பதில்கள் உண்டு, ஊரையே சமாதானப்படுத்தியவன். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் படியிறங்கினான். மணி ஏழு இருபது. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஓடத் தொடங்கினான். மனைவிக்குப் போன் போட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடி தூக்கும்போது அவள் போனை எடுப்பதில்லை. அது அவள் முறை.

வாசலில் நுழையும்போது பெல் அக்காவின் மணி இரண்டு தரம் கேட்டது. கூண்டு தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. உள்ளே மூன்று பேர், சாய்த்து நிறுத்திய ஆறு பெரிய கண்ணாடிகள். கம்பிக்குப் பின்னால் மனைவியின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அவன் காவல்காரரின் கையிலிருந்த வாக்கியைப் பிடுங்கினான். பெல் அக்கா கைப்பிடியிலிருந்து கையை விட்டால் போதும், கூண்டு இரண்டாவது மாடியிலேயே நின்றுவிடும். கையை விடு என்று சொல்லத்தான் நினைத்தான். மூச்சு வாங்கியதில் முதல் பாதி நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. பல வருஷமாக வாயில் ஊறிய அந்த ஒற்றை வார்த்தைதான் வெளியே வந்தது.

"விடு, விடு... அக்கா, விடு..."

வாக்கியில் பெல் அக்காவின் சிரிப்புக் கேட்டது. "காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா சரிவிடு? சரிப்பா, நானும் விட்டுட்டேன், நீயும் விடு" என்றாள். பின்னாலிருந்து வேறு சிலரும் சிரித்தார்கள். அவன் மனைவியின் சிரிப்பும் அதில் இருந்தது. கூண்டு நிற்காமல் ஏறியது.

நில் என்ற வார்த்தை அறிவிப்புப் பலகையில் அவன் தலைக்கு நேரே எழுதியிருந்தது. அது நினைவுக்கு வந்தபோது கூண்டு ஏழாவது மாடியில் இருந்தது. அதற்குமேல் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அவ்வளவு பாரத்தோடு நடுவில் சட்டென்று நிறுத்தினால் பிரேக் தாங்குமா, தாங்காவிட்டால் லாக் பிடிக்குமா என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் வேலையைத்தான் அவன் செய்யாமல் விட்டிருந்தான். எட்டு. ஒன்பது. அந்தச் சத்தம் தரை வரைக்கும் கேட்டது, மனைவி சொன்ன மாதிரியே, எதையோ அரைக்கிற சத்தம். காவல்காரர் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் தலையை அண்ணாந்தபடி மாடிகளை எண்ணினான். பதினாலில் நின்றது. கதவைத் திறந்து கண்ணாடிகளை வெளியே இறக்கும் ஓசை கேட்ட பிறகுதான் அவன் மூச்சுவிட்டான்.

"நில்லு. கூண்டு அங்கயே நிக்கட்டும். எல்லாரும் படியில இறங்குங்க. அக்கா, நீங்களும்தான்."

குரலில் இருந்த ஏதோ ஒன்று பெல் அக்காவுக்கு எட்டியிருக்க வேண்டும். அவள் திருப்பிக் கேட்கவில்லை.

அவன் படியேறினான். எட்டாவது மாடித் திருப்பத்தில் இறங்கி வந்தவர்களைச் சந்தித்தான். என்ன ஆச்சுங்க என்று மனைவி கேட்டாள். கூண்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றான். போன மாதம்தானே பார்த்தீர்கள் என்று அவள் கேட்கும்போதே இரண்டு படி தாண்டி மேலே போனான். பதினாலாவது மாடியில் கூண்டுக்குள் தனியாக ஏறி, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தான். ஒன்பதாவது மாடியில் பாதத்துக்கு அடியில் அந்த அரைப்பு ஓடியது. காது பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் அவனுடைய கையெழுத்து. தினமும் நாலு தடவை அவள் இதைக் கேட்டுக்கொண்டு, இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கீழே இன்ஜினியர் கொதித்துக்கொண்டிருந்தார். அடுத்த சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போது எதற்குக் கூண்டை நிறுத்தினாய், மேலே கண்ணாடி பாதியில் நிற்கிறது என்று வாட்சைத் தட்டிக் காட்டினார். ஆட்கள் சுற்றி நின்றார்கள். எல்லார் முகமும் வாடித்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் அதைப் பொறுத்துக்கொண்டான்.

"போன தடவ பாரம் ஏத்தல சார். வெறுங்கூண்டத்தான் போட்டேன். அதுவும் ஒரு மாடி உயரத்துல. லாக் சரியாப் பிடிக்கல. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

மனைவி அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்பது மூட்டையையும் அவனே முன்னால் நின்று ஏற்றினான். மற்றவர்கள் உதவினார்கள், ஆனால் ஒருவரும் அவனோடு பேச்சுக் கொடுக்கவில்லை. பதினொரு மணிக்கு எல்லாம் தயார். பெல் அக்காவே பொத்தான் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அதிலிருந்த ஏற்றும் பொத்தானை அழுத்தியதில் கூண்டு மூன்றாவது மாடி உயரத்தில் போய் நின்றது. கயிறு கட்டி எல்லாரையும் தூரத் தள்ளி நிறுத்தினார்கள். மனைவி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விடட்டுமாப்பா?" என்று பெல் அக்கா கேட்டாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"விடு" என்றான்.

கூண்டு விழுந்தது. ஓர் ஆள் உயரம் தாண்டியது. லாக் கம்பத்தைக் கவ்வியது, ஒரு கிறீச்சு, கொஞ்சம் நெருப்புப் பொறி, அவ்வளவுதான். பெல் அக்கா பொத்தானிலிருந்து கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. தரை அதிர்ந்தது எல்லாருடைய கால்களிலும் ஏறியது. மூட்டைகள் வெடித்து, சிமெண்ட் தூசி எழும்பி, எதிரே இருந்த ஒன்றும் தெரியவில்லை.

தூசி அடங்க வெகுநேரம் ஆனது. கூண்டின் அடித்தளம் மடிந்து மேலே வந்திருந்தது. பெல் அக்கா வழக்கமாக நிற்கும் மூலையில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பக்கவாட்டுத் தகடு மட்டும் எப்படியோ கழன்று தனியாக நிமிர்ந்து நின்றது, மஞ்சள் ஸ்டிக்கரோடு, ஒரு கீறல் இல்லாமல். கைய எடுத்துட்டேனே, கைய எடுத்துட்டேனே என்று பெல் அக்கா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் வாட்சைப் பார்க்கவில்லை.

மனைவியின் தலையிலும் இமைகளிலும் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கூண்டில் மகள் நின்றிருந்த இடம் எது என்று தேடுகிறவளைப் போல அந்தக் கம்பிகளையே பார்த்தாள்.

"அன்னிக்குப் பாப்பாவும் இருந்தா" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பழகிய அந்த முதல் வார்த்தை நாக்கு நுனிவரை வந்து அங்கேயே காய்ந்துபோனது. கையுறை கழற்றிய அவள் கையை எட்டிப் பிடித்தான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கைய விடு" என்றாள்.